விமானத்தை ரத்து செய்துவிட்டு "வானிலை" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா?

பொன்மலைவாசி

அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போய்விட்டு டெல்லி வழியாகத் திரும்பும்போது நடந்தது இது. டெல்லியிலிருந்து சென்னைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் விமானம், மறுநாள் காலை சென்னையிலிருந்து திருச்சிக்கு வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட். முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்று செய்தி வந்தது, அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம், அப்புறம் இன்னும், இப்படியே நள்ளிரவு தாண்டியதும் ரத்து என்று செய்தி. கைப்பேசிக்கு வந்த செய்தியில் "இயக்கக் காரணங்களால்" என்று இருக்கிறது. கவுன்டரில் கேட்டால் "மூடுபனி சார், எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். அதே நேரத்தில் பக்கத்து கேட்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

மறுநாள் மாலை விமானத்தில் இடம் தருகிறோம், இல்லையென்றால் பணம் திருப்பித் தருகிறோம், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். சாப்பாடு என்று ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும் வந்தது. தங்குவதற்கு ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இரவு முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டும் கொடுக்கவில்லை. கஸ்டமர் கேருக்கு அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டுக் கடைசியில் இணைப்பு போய்விடுகிறது. இணையதள சாட்டில் இருப்பது ரோபோ, "உங்கள் விமானம் ரத்தாகியுள்ளது" என்று எனக்கே தெரிந்ததைச் சொல்கிறது.

திருச்சி டிக்கெட் பணமும் போயிற்று. எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, எங்கே போய்க் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை இப்படியே விட எனக்கு மனமில்லை.

டிக்கெட்மேசை

மதுரையில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறேன், இந்த மாதிரி புகார் எங்கள் மேசைக்கு வாரம் தவறாமல் வருகிறது. உங்கள் கேஸில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 2010-ல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன, இடையில் திருத்தியும் இருக்கிறார்கள். விமானம் புறப்பட 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால், மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் இருந்தால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதில் ஒரு கொக்கி உண்டு: இந்தத் தொகை, அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். டெல்லி–சென்னை இரண்டு மணிக்கு மேல் என்பதால் நீங்கள் 10,000 வரம்பில் வருகிறீர்கள், ஆளுக்கு ஒன்று.

தாமதத்தில், இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்குமிடம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ரத்தான பிறகு மாற்று விமானத்துக்காகக் காத்திருப்பவர்களையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் என்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணமாக இருந்தால் இழப்பீடு கிடையாது. அதனால்தான் கவுன்டரில் எடுத்த எடுப்பில் "மூடுபனி" என்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் செய்தியில் "இயக்கக் காரணம்" என்று இருப்பது பெரிய விஷயம், அதை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, டிக்கெட் எங்கே எடுத்தீர்கள்? சில புக்கிங் தளங்களும், எங்கள் தொழிலில் இருக்கும் சிலரும் பயணியின் கைப்பேசி எண்ணைப் போடாமல் தங்கள் எண்ணையே பிஎன்ஆரில் (முன்பதிவுப் பதிவில்) போட்டுவிடுகிறார்கள். ரத்துச் செய்தி அவர்களுக்குப் போகும், பயணிக்கு வராது. தொடர்பு விவரம் சரியாக இல்லாவிட்டால் இழப்பீடும் கிடையாது என்று அதே விதியில் இருக்கிறது. எங்கே டிக்கெட் எடுத்தாலும் உடனே விமான நிறுவனத்தின் தளத்துக்குப் போய் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தரைப்பணி

விமான நிலையக் கவுன்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கவுன்டரில் நிற்கும் பிள்ளைகள். பாதிப் பேர் விமான நிறுவனத்தின் ஊழியர்களே இல்லை, தரைப்பணி ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கணினித் திரையில் என்ன வருகிறதோ அதைத்தான் அவர்கள் சொல்ல முடியும். ஓட்டல் அறையோ வேறு நிறுவன விமானத்தில் இடமோ கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் கிடையாது, அது டூட்டி மேனேஜரிடம் இருக்கிறது. அந்த மேனேஜர் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்னால் வரமாட்டார். அதனால் கவுன்டரில் கத்துவதை விட்டு "டூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்கள்" என்று நிதானமாக, விடாமல் கேட்க வேண்டும். மக்கள் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொள்ள இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை முன்னால் நிறுத்திவிட்டு முடிவெடுப்பவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

அடுத்தது மூடுபனி. ஒரு விமானம் ஒரு நாளில் ஐந்து, ஆறு தடவை பறக்கிறது. காலையில் டெல்லியில் பனியால் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தத் தாமதம் நாள் முழுக்க ஊர் ஊராகக் கூடவே போகும். இரவில் பைலட்டின் பணி நேரம் முடிந்துவிடும், அவர் அதற்கு மேல் ஓட்டக்கூடாது, மாற்று பைலட் இல்லாவிட்டால் ரத்து. இப்போது இது வானிலையா, ஆள் பற்றாக்குறையா? நிறுவனம் வானிலை என்றுதான் எழுதும். காலையில் பனி இருந்தது உண்மை. ஆனால் ராத்திரி விமானம் நின்றதற்குக் காரணம் மாற்று ஆள் வைத்துக்கொள்ளாதது.

நிஜமான மூடுபனியிலும் ஒரு சங்கதி உண்டு. டெல்லி ஓடுபாதையில் கேட்-3 (CAT III) என்ற, கருவி உதவியோடு தரையிறங்கும் வசதி இருக்கிறது, அதற்கென்று பயிற்சி பெற்ற பைலட் இருந்தால் மிகக் குறைந்த தூரமே கண்ணுக்குத் தெரிந்தாலும் இறங்கலாம். குளிர்காலத்தில் அந்தப் பயிற்சி பெற்றவர்களை டெல்லிக்குப் போடாமல் விட்டதற்காக 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா 30 லட்சம் ரூபாய் டிஜிசிஏ அபராதம் விதித்தது. பக்கத்து நிறுவனத்தின் விமானம் கிளம்பும்போது நம்முடையது ஏன் கிளம்பவில்லை என்ற பொன்மலைவாசியின் கேள்வி சரியான கேள்வி.

கோவைக்காற்று

எல்லோரும் விமான நிறுவனத்தையே திட்டுகிறீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீபாவளி நேரத்தில் ஆம்னி பஸ்ஸில் கேட்கும் காசுக்கு, முன்கூட்டியே எடுத்தால் விமான டிக்கெட்டே கிடைக்கிறது. அந்த விலைக்குப் பறக்க வேண்டும், ஒவ்வொரு ஊரிலும் மாற்று பைலட்டும் மாற்று விமானமும் நிற்க வேண்டும் என்றால் அந்தச் செலவை யார் தருவது? அப்புறம் பயணிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2024 ஜனவரியில் தாமத அறிவிப்பு செய்துகொண்டிருந்த பைலட்டையே ஒரு பயணி ஓடிவந்து அடித்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம்.

தரைப்பணி

கோவைக்காற்று, அடித்தது தப்பு, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் விலை குறைவு என்ற வாதத்தை 2025 டிசம்பருக்கு அப்புறமும் சொல்ல முடியாது. பைலட்டுகளின் ஓய்வு விதி திருத்தம் 2024 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது, இரவில் இறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. தயாராக நேரம் இருந்தும் இண்டிகோ போதிய ஆள் வைத்துக்கொள்ளவில்லை, டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. கல்யாணம், பரீட்சை, அறுவை சிகிச்சை என்று எத்தனை பேருடைய காரியம் கெட்டுப்போனது! மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை எகிறியதால் அரசே தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட வேண்டி வந்தது. இதில் எனக்கு ஆறாத விஷயம், அந்த விதியில் இரவுப் பணி பற்றிய பகுதியை இண்டிகோவுக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தினார்கள். திட்டமிடாத நிறுவனத்துக்குச் சலுகை, அசந்துபோன பைலட்டுக்கு இரவுப் பணி.

மலிவு விலை டிக்கெட் என்றால் சாப்பாடு, சீட், பெட்டி எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளட்டும், ஒத்துக்கொள்கிறேன். கொண்டுபோய்ச் சேர்ப்பதுமா கூடுதல் கட்டணத்தில் வரும்?

இசார் நதிக்கரை

மியூனிக்கில் இருக்கிறேன். இங்கே நிலைமை எப்படி என்று சொன்னால் ஒப்பிட உதவும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் ரத்தானால், அல்லது போய்ச்சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ வரை இழப்பீடு. தொகை பெரிது என்பதை விட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. அசாதாரணக் காரணம் என்று சொல்லும் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும். விமானத்தில் வரும் சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணக் காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. நிஜமாகவே அசாதாரணக் காரணமாக இருந்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் தந்தே ஆக வேண்டும். ஐஸ்லாந்து எரிமலை 2010-ல் வெடித்து ஐரோப்பா முழுக்க விமானங்கள் நின்றபோது கூட அந்தக் கடமை போகவில்லை என்று பின்னால் தீர்ப்பு வந்தது.

ஊருக்குப் போய்வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். மியூனிக்கிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்கு ஒரே புக்கிங்கில் போய், நடுவில் இணைப்பு விமானம் தவறினாலும் முழுப் பயணமாகத்தான் கணக்கு. ஆனால் சென்னையிலிருந்து வரும்போது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனமாக இருந்தால்தான் செல்லும். போன கோடையில் அப்பா அம்மாவை அழைத்தபோது, டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே ஐரோப்பிய நிறுவனத்தில் எடுத்தோம்.

காவிரிக்கரைக்காரி

பெற்றோரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன், இது என் மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது.

என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நான் வேலை பார்ப்பது அகமதாபாத்தில். பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா தனியாக வரும்போது மும்பையில் விமானம் மாற வேண்டும். அங்கே கேட் மாறினால் அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும், இப்போது பல விமான நிலையங்களில் அறிவிப்பே கிடையாது, திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா நன்றாக நடப்பார். ஆனாலும் வீல்சேர் போட்டுத்தான் அனுப்புகிறோம், கூட ஒரு ஆள் வந்து சரியான இடத்தில் விடுவார் என்பதற்காக. நம் ஊரில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய பாதிக் குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. இதை ஏமாற்று வேலை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வழி தெரியாத வயதானவர்களுக்குத் துணை என்று ஒரு ஏற்பாடு தனியாக இருந்தால் யார் வீல்சேர் கேட்கப் போகிறார்கள்? ஏற்பாடு இல்லாததால்தான் உண்மையிலேயே நடக்க முடியாதவர்களுக்கும் வீல்சேர் கிடைக்காமல் போகிறது. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், வீல்சேர் பற்றாக்குறையால் மனைவியின் வீல்சேருக்குப் பக்கத்திலேயே நடந்துவந்த எண்பது வயது முதியவர் குடியேற்றச் சோதனைப் பகுதியில் மயங்கி விழுந்து இறந்துபோனார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள்.

ஒரு தடவை அம்மாவின் விமானம் நாலைந்து மணி நேரம் தள்ளிப்போனது. வீல்சேரைத் தள்ளிவந்தவர் கேட்டில் விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார், அவருக்கு வேலை அப்படி. அம்மா எழுந்து கழிவறைக்குப் போனால் விமானம் போய்விடுமோ என்று பயந்து தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அகமதாபாத்திலிருந்து கஸ்டமர் கேருக்கு அழைத்தால், பயணியிடம்தான் பேசுவோம், உங்களிடம் பேச முடியாது என்கிறார்கள். பயணிக்கு உங்கள் மொழி தெரியாது என்றால் பதில் இல்லை. கடைசியில் அம்மாவின் பக்கத்தில் இருந்த ஒரு மலையாளப் பெண்தான் என்னிடம் போனில் பேசி, அம்மாவைக் கூட்டிப் போய், சாப்பிட வாங்கிக் கொடுத்து, விமானம் ஏறும்வரை துணைக்கு இருந்தார். அவருக்கு இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் டிக்கெட் காசு வாங்கியவர்கள் செய்ய வேண்டியதை முன்பின் தெரியாத ஒருவர் செய்தார் என்பதுதான் வேதனை.

டிக்கெட்மேசை

அக்கா, இப்படிப் பயணங்களுக்கு நாங்கள் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விமான எண், போகும் ஊர், பிள்ளையின் கைப்பேசி எண், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறோம். கழுத்தில் மாட்டிக்கொள்ள உறையும் தருகிறோம். கூடுமானவரை நேர் விமானம், விலை கூடினாலும் பரவாயில்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கும் ஒன்று. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, ஒரே பிஎன்ஆரில் இருக்கும் அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று டிஜிசிஏ 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. சீட்டுக்குக் காசு கட்டினால்தான் பக்கத்தில் இடம் என்று சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

முத்துநகர்

போன் எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விமானம் ரத்தானதும் பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள், அல்லது ஓடிபி கேட்பார்கள், கணக்கு காலியாகிவிடும். என் சித்தப்பா பையனுக்கு நடந்தது. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மணற்கேணி

பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டி உடைந்தோ வராமலோ போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் புகார்ப் படிவம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவிடுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி சேதம் என்றால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும், தாமதமாக வந்த பெட்டி என்றால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். திருச்சியில் பார்க்கிறேனே, வளைகுடாவிலிருந்து வருடங்கள் கழித்து வரும் ஆட்கள் பூட்டு உடைந்த பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்கள். வெளியே குடும்பம் காத்திருக்கும் அவசரம். அந்த அரை மணி நேரம் காத்திருந்து எழுதிக் கொடுங்கள், அப்புறம் போய்க் கேட்டால் எதுவும் நடக்காது.

தராசுமுள்

வழக்கறிஞர். பொன்மலைவாசியின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

முதலில் விமான நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். தொலைபேசியில் பேசியது எதுவும் கணக்கில் வராது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

டிஜிசிஏ விதியில் இருக்கும் 10,000 ரூபாய் வரம்பு வேறு, சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் தரும் நிவாரணம் வேறு. முதியவரை இரவு முழுக்க நாற்காலியில் உட்கார வைத்ததை அங்கே சொல்லலாம். வாதத்தின் மையம் ஒன்றுதான்: செய்தியில் ஒரு காரணம், கவுன்டரில் ஒரு காரணம். எது உண்மை என்று ஆவணத்தோடு சொல்லட்டும்.

ரோபோ சாட்டையும் சேமித்து வையுங்கள். 2024-ல் கனடாவில், ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்ததற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொன்னது. சாட்பாட் தனி ஆள் மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை.

பொன்மலைவாசி

எல்லோருக்கும் நன்றி. தராசுமுள் சொன்னபடி மின்னஞ்சல் அனுப்பினேன். விமானத் தடம் காட்டும் தளத்தில் அன்றைய கணக்கைப் பார்த்தேன், எங்களுக்கு வர வேண்டிய விமானம் மாலையிலேயே டெல்லியில் இறங்கி நின்றிருக்கிறது. அந்த இரவு சென்னைக்கு மற்ற நிறுவன விமானங்கள் போனதற்கும் பதிவு இருக்கிறது. எல்லாவற்றையும் இணைத்தேன். பதிலில் "வருத்தம் தெரிவிக்கிறோம்" என்று தொடங்கி, மூடுபனி என்ற வார்த்தையே இல்லாமல், ஆளுக்கு 2,000 ரூபாய் வவுச்சர் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தலாமா? திருச்சி டிக்கெட்டுக்கு ஏதாவது வழி உண்டா?

தராசுமுள்

அழுத்தாதீர்கள். கீழே இருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள், "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அதைக் காட்டியே வழக்கை முடிக்கப் பார்ப்பார்கள். "வவுச்சர் வேண்டாம், விதிப்படி இழப்பீட்டைப் பணமாகத் தாருங்கள், ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள், பதினைந்து நாள் அவகாசம்" என்று பதில் போடுங்கள். மூடுபனி என்று அவர்களே இப்போது சொல்லாதது உங்களுக்குச் சாதகம்.

டிக்கெட்மேசை

திருச்சி டிக்கெட் தனி பிஎன்ஆர் என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, வராத பயணி என்றுதான் கணக்கு வைப்பார்கள். ஆனால் வராமல் போனாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அந்த நிறுவனத்துக்குத் தனியாக எழுதுங்கள், மூன்று பேருக்கும் சேர்த்து ஓரளவு வரும். மீதியை நுகர்வோர் ஆணைய மனுவில் முதல் நிறுவனத்தின் மேல் நஷ்டமாகச் சேருங்கள்.

வைகைப்பாலம்

பொன்மலைவாசி, டெல்லி–சென்னை, நள்ளிரவு தாண்டி ரத்து, சாண்ட்விச், வவுச்சர் பொத்தான் எல்லாம் அச்சாக எனக்கு நடந்தது போலவே இருக்கிறது. நானும் அதே விமானத்துக்குத்தான் காத்திருந்திருக்க வேண்டும். எனக்குக் கவுன்டரில் "பைலட் டூட்டி நேரம் முடிந்துவிட்டது" என்று சொன்னார்கள், அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். தனிச்செய்தியில் தேதியும் விமான எண்ணும் அனுப்புங்கள், ஒன்றாக இருந்தால் வீடியோவைத் தருகிறேன், உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.